எலிமென்டலிஸ்ட்: பயிற்சியில் வருவது சண்டையில் வர என்ன செய்ய வேண்டும்?

கார்முகில் எழுதியது:

கில்ட் வார்ஸ் 2 கணினி விளையாட்டின் பிவிபி (ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும்) பகுதியில் எலிமென்டலிஸ்ட் கிளாஸை (பாத்திர வகையை) முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். வாரியரையும் கார்டியனையும் வெகுகாலமாக ஆடிவருவதால், டாட்ஜ் செய்வது (அடியிலிருந்து உருண்டு விலகுவது), ஸ்டன் பிரேக்கை (அசையவிடாமல் செய்யும் ஸ்டன்னிலிருந்து விடுவிக்கும் திறனை) சேமித்து வைப்பது, புள்ளிகளைப் பிடித்து வைத்திருக்கும் கான்குவெஸ்ட் ஆட்டத்தில் எந்த நேரத்தில் எந்தப் புள்ளிக்குச் செல்வது போன்ற அடிப்படைகள் எனக்குப் புதியவை அல்ல. இரண்டு கைகளிலும் டாகர் (குறுவாள்) ஏந்தும் பில்டைத் (ஆயுதம், திறன்களின் அமைப்பைத்) தேர்ந்தெடுத்திருக்கிறேன். நெருப்பு, நீர், காற்று, நிலம் ஆகிய நான்கு அட்யூன்மென்ட்களுக்கும் (மாறிக்கொள்ளும் மூலக நிலைகளுக்கும்) ஐந்தைந்தாக உள்ள இருபது திறன்களும் எனக்கு மனப்பாடம். பயிற்சிக் கோலெமின் (அடித்துப் பழகும் பொம்மையின்) முன்னால் நின்றால் எல்லாம் சீராகவே நடக்கிறது.

உண்மையான எதிரி வந்தவுடன் அந்தச் சீர் குலைந்துவிடுகிறது. ஹெல்த் பாதிக்குக் கீழே இறங்கியதும் நீருக்கு மாறுகிறேன். மாறிய நொடியிலேயே ஒரு ஸ்டன் வந்து விழுகிறது. அதிலிருந்து மீண்டு ஹீலை அழுத்துவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. மற்ற கிளாஸ்களில் இதே நிலைமையை நிதானமாகச் சமாளிக்க முடிகிறது என்பதால், இந்தக் கிளாஸுக்கென்று நான் இன்னும் புரிந்துகொள்ளாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். எதை முதலில் பழக வேண்டும், எதைப் பிறகு பழக வேண்டும்? இது விரல் வேகத்தைப் பொறுத்த விஷயம்தானா? டாகரிலேயே தொடர்வது நல்லதா, அல்லது ஸ்டாஃபிலிருந்து (நீண்ட கோலிலிருந்து) தொடங்க வேண்டுமா? நீண்ட நாள் ஆடியவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

தழல்விழி எழுதியது:

நீங்கள் விவரித்த நிலைமையிலேயே பதிலின் பெரும்பகுதி இருக்கிறது. ஹெல்த் குறைந்த பிறகு நீருக்கு மாறுவது வாரியரிடமிருந்து வந்த பழக்கம். 80ஆம் நிலையில் எலிமென்டலிஸ்டின் அடிப்படை ஹெல்த் 1,645. வாரியருக்கும் நெக்ரோமான்சருக்கும் அது 9,212. எல்லாருக்கும் பொதுவான 1,000 வைட்டாலிட்டி (உயிர்வலிமைப் புள்ளிகள்) தரும் 10,000-ஐக் கூட்டினால், அம்யூலெட் (பண்புகளைக் கூட்டும் அணி) எதுவும் சேர்க்காத நிலையில் உங்களிடம் இருப்பது 11,645, வாரியரிடம் இருப்பது 19,212. வாரியரில் பாதி ஹெல்த் என்றால் கையில் இன்னும் 9,600 மிச்சம் இருக்கிறது. நம்மிடம் 5,800 சொச்சம்தான், அதுவும் மிக மெல்லிய கவசத்துக்குள். பாதி என்று பட்டையில் தெரிகிற அந்த இடம், ஒரு நல்ல பர்ஸ்டுக்கு (ஒரே மூச்சில் விழும் தொடர் அடிகளுக்கு) எதிரில் ஏறத்தாழ முடிவு என்றே கொள்ள வேண்டும். ஆகவே ஹெல்த்தைப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கத்தை இந்தக் கிளாஸில் முழுவதுமாகக் கைவிட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவெடுப்பது? சண்டை நடக்கும்போது பெரும்பாலான கிளாஸ்கள் ஆயுதத்தை மாற்றிக்கொள்ளும். எலிமென்டலிஸ்டுக்கு அது கிடையாது, அட்யூன்மென்ட்கள்தான் நம் ஆயுதங்கள். ஒன்றை விட்டு வெளியேறினால் ஏறத்தாழ 10 விநாடிகளுக்கு அதற்குத் திரும்பி வர முடியாது. எல்லாரும் எதற்குள் நுழைகிறோம் என்பதையே யோசிக்கிறார்கள்; நம் உயிரைத் தீர்மானிப்பது எதை விட்டு வெளியேறுகிறோம் என்பது. நீரை விட்டு நெருப்புக்குப் போகிறவர், அடுத்த 10 விநாடிகளுக்கு எனக்கு கிளென்சிங் வேவ் (நீரின் ஹீல் திறன்) தேவைப்படாது என்று எதிரியின் முன்னிலையில் அறிவிக்கிறார். அந்த அறிவிப்பைச் செய்யும் உரிமை, எதிரி தன்னுடைய முக்கியமான ஸ்டன்னை ஏற்கெனவே செலவழித்திருந்தால்தான் உங்களுக்கு உண்டு. ஹாமர் ஏந்திய வாரியர் எர்த்ஷேக்கருக்காகப் (தன் ஸ்டன் திறனுக்காகப்) பாய்வதைப் பார்த்து நீங்கள் விலகிவிட்டீர்கள் என்றால், அதன் கூல்டவுன் (மீண்டும் பயன்படுத்துவதற்கான காத்திருப்பு) முடியும் வரைக்கும் நெருப்பும் காற்றும் உங்களுடையவை. அது இன்னும் அவர் கையில் இருக்கிறது என்றால், நீரிலோ நிலத்திலோ இருந்தபடி அதை வரவழைக்க வேண்டும்.

இதைப் பழக நான் சொல்லும் வழி சற்று மந்தமாகத் தோன்றலாம். சில நாட்களுக்கு அன்ரேங்க்டு (தரவரிசையில் சேராத) ஆட்டங்களில் நீரையும் நிலத்தையும் இருப்பிடமாக வைத்துக்கொண்டு ஆடுங்கள். எதிரியைக் கொல்வதை நோக்கமாகக் கொள்ளாமல், ஒரு புள்ளியில் ஓர் எதிரியுடன் நின்று எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஃப்ராஸ்ட் ஆராவை (நீரின் தற்காப்புத் திறனை) அடி விழுந்த பிறகு போடாமல், அடி வரும் என்று தெரியும்போதே போடுங்கள். எர்த்குவேக்கை (எதிரியைக் கீழே தள்ளும் நிலத் திறனை), எதிரி ஒரு டாட்ஜைச் செலவழித்து முடித்த மறுகணத்துக்காக வைத்திருங்கள். டாட்ஜுக்கான எண்டியூரன்ஸ் (ஆற்றல் அளவு) 100. ஒவ்வொரு முறையும் 50 கழிகிறது. அந்த 50 திரும்ப நிரம்புவதற்கு 10 விநாடிகள் ஆகின்றன. இந்தக் கணக்கு எதிரிக்கும் பொருந்தும் என்பதால், அவருடைய டாட்ஜ்களை எண்ணும் பழக்கம் இந்தக் கட்டத்திலேயே வந்துவிட வேண்டும். எதிரி எதைச் செலவழித்தார் என்பதை மனம் தானாகவே குறித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு நெருப்பையும் காற்றையும் சேர்த்துக்கொண்டால், அவை எப்போது வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

அடுத்தது காம்போ (திறன்களை இணைத்துப் பயன்படுத்துவது). கோலெமின் முன் வருவது சண்டையில் வராததற்குக் காரணம், நீங்கள் அதை ஒரே நீண்ட சரமாகப் பழகியிருப்பதாகத்தான் இருக்கும். ரிங் ஆஃப் ஃபயர் போட்டு, நிலத்துக்கு மாறி, அந்த வளையத்துக்குள்ளேயே எர்த்குவேக் அடித்தால், நெருப்புக் களமும் பிளாஸ்ட் ஃபினிஷரும் (களத்தின் மேல் வெடிக்கும் அடியும்) சேர்ந்து உங்களுக்கும் அருகில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் மைட் (கூடுதல் தாக்கும் வலிமை) கிடைக்கிறது. விழுந்து கிடக்கும் எதிரியின் மேல் சர்னிங் எர்த் (முடிய நேரம் எடுக்கும் நிலத் தாக்குதல்) தொடங்கலாம். இதை இரண்டிரண்டாகப் பிரித்துப் பழகுங்கள். எர்த்குவேக்கை எதிரி டாட்ஜ் செய்துவிட்டால், மைட் கிடைத்ததோடு நிறுத்திக்கொண்டு தற்காப்புக்குத் திரும்ப வேண்டும்; சரத்தை முடித்தே தீருவேன் என்று இரண்டு விநாடிக்கும் மேலாக சர்னிங் எர்த்தில் நின்றுகொண்டிருப்பவரைத் தடுத்து நிறுத்துவது எதிரிக்கு மிகவும் எளிது. அந்தத் திறனைப் பயன்படுத்தச் சிறந்த வழி, சற்றுத் தள்ளி நின்று தொடங்கி, முடியும் தறுவாயில் லைட்னிங் ஃப்ளாஷ் மூலம் எதிரியின் காலடிக்கே போய் இறங்குவது. அந்த ஃப்ளாஷின் தூரம் 900; சர்னிங் எர்த்தின் காஸ்ட் (திறனைச் செயல்படுத்துவது) நடக்கும்போதே அழுத்தலாம், காஸ்ட் கலையாது. முதல் முறை அது சரியாக விழும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே இந்தக் கிளாஸை ஆடலாம்.

ரைட் தி லைட்னிங் (மின்னலாகப் பாயும் காற்றுத் திறன்) பற்றியும் ஒரு சொல். எதிரியின் மேல் பட்டால் அதன் கூல்டவுன் குறைகிறது. வெறும் வெளியில் பாய்ந்து தப்பிக்கப் பயன்படுத்தினால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். தப்புவதற்காகச் செலவழித்துவிட்டீர்கள் என்றால் உண்மையாகவே தப்பிவிடுங்கள். அடுத்த கணமே சண்டைக்குத் திரும்பி வராதீர்கள்.

விரல் வேகம் இரண்டாம்பட்சம்தான், ஆனால் விசைகள் கைக்கு எட்ட வேண்டும். அட்யூன்மென்ட்கள் இயல்பாக எஃப் 1 முதல் எஃப் 4 வரை இருக்கின்றன. அவற்றை நகரும் விசைகளுக்கு அருகில் கொண்டுவாருங்கள். திசை விசையை இருமுறை தட்டினால் டாட்ஜ் ஆகும் அமைப்பை அணைத்துவிடுங்கள், ஏனெனில் நீங்கள் கேட்காத ஒரு டாட்ஜ் இந்தக் கிளாஸில் ஓர் உயிருக்குச் சமம்.

நிழற்குதிரை எழுதியது:

நான் பெரும்பாலும் தீஃப் (திருடன் கிளாஸ்) ஆடுகிறேன், எலிமென்டலிஸ்ட்கள் என்னுடைய முதல் இலக்கு. எதிர்ப்பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

தழல்விழி சொன்னது முழுக்க உண்மை. கூட்டச் சண்டையில் உங்களைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ஹெல்த் எவ்வளவு என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. கிளென்சிங் வேவ் எழுந்ததைப் பார்க்கிறேன், அடுத்து தரையில் நெருப்பு வளையம் தெரிகிறது; அந்த இரண்டையும் பார்த்துவிட்டால் எனக்கு ஏறத்தாழ 10 விநாடிகள் கிடைத்துவிட்டன, அதற்குள் வருகிறேன். ஸ்டீல் ஒரே கணத்தில் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் திறன் என்பதால், பார்த்த பிறகு டாட்ஜ் செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு வாய்ப்பே இல்லை. என் வருகையை நேரத்தை வைத்துத்தான் ஊகிக்க முடியும். வரைபடத்தில் தீஃப் சில விநாடிகளாகத் தென்படவில்லை, நீங்கள் இப்போதுதான் நீரை விட்டு வந்திருக்கிறீர்கள் என்றால், நான் அருகில் இருக்கிறேன் என்றே கொள்ளுங்கள்.

நல்ல எலிமென்டலிஸ்ட்கள் என்னைத் தோற்கடிப்பது பெரும்பாலும் ஷாக்கிங் ஆராவால்தான். நெருங்கி அடிக்கும் எவரும் தாமாகவே ஸ்டன் ஆகிவிடுவார்கள். ஆனால் அந்த மின்னல் வெளியே தெரிவதால், அனுபவமுள்ளவர் அது அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அதை நீங்கள் எனக்கு முன்னாலேயே போட்டால் சில விநாடி அவகாசம் கிடைக்கும். நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே போட்டால் ஸ்டன் கிடைக்கும். எது தேவை என்று தெரிந்து போடுங்கள்.

இன்னொன்று: இரண்டாவது டாட்ஜ். உங்கள் முதல் டாட்ஜைச் சாதாரணத் தாக்குதல்களால் வாங்கிவிடுவது எளிது. பதற்றத்தில் இரண்டாவதையும் உடனே கொடுப்பவர்களை நான் ஒவ்வோர் ஆட்டத்திலும் பார்க்கிறேன். அந்த இரண்டாவதை என் கண்ணுக்கு முன்னால் பிடிவாதமாக வைத்துக்கொண்டு நடந்துபோகிறவரை விட்டுவிட்டு வேறு இலக்கைத் தேடத் தோன்றும்.

நெக்ரோமான்சருக்கு எதிராக மட்டும் மேலே சொன்னவற்றில் ஒரு பகுதியைத் திருப்பிப் போட வேண்டும். உங்கள் பூன்களைக் (சாதகமான விளைவுகளைக்) கண்டிஷன்களாக (பாதகமான விளைவுகளாக) மாற்றிவிடும் திறன்கள் அவரிடம் உண்டு. சண்டைக்கு முன்னரே மைட்டும் ஸ்விஃப்ட்னஸும் அடுக்கிக்கொண்டு போவது அவருக்கு நீங்களே கொடுக்கும் ஆயுதம். அவரிடம் அந்தத் திறன் செலவான பிறகு அடுக்குங்கள்.

கார்முகில் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எதை விட்டு வெளியேறுகிறோம் என்ற கோணத்தில் நான் ஒருபோதும் யோசித்ததில்லை. நீருக்குப் போன பிறகு ஏன் எல்லாம் தாமதமாகிவிடுகிறது என்பது இப்போது விளங்குகிறது. ஒரு சந்தேகம்: புள்ளியைக் காக்கும்போது மிஸ்ட் ஃபார்மை நம்பியே நிற்கலாமா? அந்த மூன்று விநாடிகள் எந்த அடியும் விழாது என்பதால் அதுவே மிகப் பாதுகாப்பானது என்று தோன்றுகிறது.

எதிர்க்கரை எழுதியது:

மிஸ்ட் ஃபார்ம் உங்களைக் காக்கும், புள்ளியைக் காக்காது. அந்த நிலையில் இருக்கும்வரை நீங்கள் புள்ளியில் நிற்பதாகவே கணக்கில் கொள்ளப்படுவதில்லை, எதிரி தடையின்றிப் பிடித்துக்கொள்ளலாம். 500 மதிப்பெண்களை நோக்கி ஓடும் கான்குவெஸ்டில் ஒரு கொலைக்குக் கிடைப்பது வெறும் 5 மதிப்பெண்கள்தான், புள்ளியை வைத்திருப்பதே ஆட்டம். ஆகவே, துணை வருவதற்குச் சில விநாடிகளே இருக்கும் நேரத்தில் உயிரோடு இருப்பதற்காக அதைப் பயன்படுத்துங்கள். நின்று காக்க வேண்டிய இடத்தில் ஆர்மர் ஆஃப் எர்த் உங்களுக்கு அதிகம் உதவும். ஸ்டன்னை உடைப்பதோடு ஸ்டெபிலிட்டியும் (மேலும் ஸ்டன் ஆகாமல் காக்கும் உறுதியும்) தருகிறது.

தழல்விழியின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அவர் பதில் சொல்லாமல் விட்ட ஸ்டாஃப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. வெளியேறுவதைப் பற்றி யோசிக்க ஒருவருக்குக் கற்றுத்தர வேண்டுமென்றால் ஸ்டாஃபைப் போன்ற ஆசிரியர் வேறு இல்லை. நிலத்தில் இருக்கும்போது எரப்ஷனைப் போடுகிறீர்கள். அது வெடிக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் நீருக்கு மாறி அதே இடத்தில் கீசரை எழுப்பினால், எரப்ஷன் வெடிக்கும்போது நீர்க் களத்தின் மேல் பிளாஸ்ட் ஃபினிஷர் விழுந்து சுற்றியுள்ள அனைவருக்கும் ஹீல் கிடைக்கிறது. நிலத்தில் இருக்கும்போதே நீரில் என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுத்திருந்தால் மட்டுமே இது நடக்கும். டாகரில், தாமதமாக யோசித்தாலும் எப்போதாவது தப்பித்துவிடலாம். ஸ்டாஃபில் தாமதமாக யோசிப்பவருக்கு எதுவுமே நடக்காது. அதனால்தான் முதலில் ஸ்டாஃப் என்கிறேன்.

நிற்கும் இடத்தையும் அது கற்றுத்தருகிறது. 1,200 தூரத்திலிருந்து வேலை செய்ய முடியும்போது புள்ளியின் நடுவில் நிற்க வேண்டிய தேவை பல நேரங்களில் இல்லை. பேட்டில் ஆஃப் கைலோ வரைபடத்தின் நடுப்புள்ளியான மணிக்கூண்டைப் போன்ற குறுகிய இடத்தில் ஒரு ஸ்டாடிக் ஃபீல்டை வாயிலில் போட்டால், அதைக் கடந்து வருபவர்கள் எல்லாம் ஸ்டன் ஆவார்கள். அம்புகளும் குண்டுகளும் பறந்துவரும் நேரத்தில் மேக்னெட்டிக் ஆரா அவற்றைத் திருப்பி அனுப்பும். இவற்றை எல்லாம் சண்டையைச் சற்று விலகி நின்று பார்த்தபடி செய்வதால், எதிரிகளில் யார் எதைச் செலவழித்தார்கள் என்று கவனிக்க மனதுக்கு இடம் கிடைக்கிறது.

எந்த ஆயுதமாக இருந்தாலும், தனியாகப் போய் எதிரியின் புள்ளியைப் பிடிப்பதை இப்போதைக்கு மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒருவருக்கு ஒருவர் நடந்துகொண்டிருக்கும் சண்டைக்குள் இரண்டாவது ஆளாக வந்து சேருவதுதான் எலிமென்டலிஸ்டுக்கு மிகவும் ஏற்ற வேலை. அங்கே எதிரியின் டாட்ஜ்களும் ஸ்டன்னும் பாதிக்குமேல் தீர்ந்திருக்கும். நீங்கள் நேரடியாக நெருப்பிலேயே நுழையலாம்.

தழல்விழி எழுதியது:

ஸ்டாஃப் பற்றி எதிர்க்கரை சொல்வது நியாயமானது, எரப்ஷன், கீசர் பயிற்சியை நானும் பரிந்துரைப்பேன். ஆனாலும் கார்முகில் டாகரிலேயே தொடர்வது நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஸ்டாஃபில் திட்டமிடக் கற்றுக்கொள்ளலாம். எதிரி அருகில் வந்து அடிக்கும்போது பதறாமல் இருக்க அதில் கற்றுக்கொள்ள முடியாது, ஏனெனில் அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதே ஸ்டாஃபின் வேலை. வாரியரிலும் கார்டியனிலும் நெருங்கி நின்று சண்டையிட்டுப் பழகிய ஒருவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது இழப்பு. வாரத்தில் சில ஆட்டங்களை மட்டும் ஸ்டாஃபுக்கு ஒதுக்கினால் போதும்.

பயிற்சி முறையைப் பற்றி முன்பு எழுத விட்டுப்போனது: ஒரு நண்பரைத் தனி அரீனாவுக்கு அழைத்து, அவரை ஒரே கிளாஸை மட்டும் திரும்பத் திரும்ப ஆடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், நீங்கள் எந்த நேரத்தில் எதை எதிர்பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அவர் உண்மையில் எதைச் செய்ய நினைத்தார் என்று சொல்லட்டும். திரைப்பதிவு எடுத்தால், நீங்கள் விழுந்த இடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதற்கு 10 விநாடிகள் முன்னால் சென்று, கடைசியாக எந்த அட்யூன்மென்டை விட்டு வெளியேறினீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான தோல்விகளுக்கு அங்கேயே காரணம் கிடைத்துவிடும்.

கார்முகில் எழுதியது:

டாகரையே தொடர்கிறேன், எரப்ஷன், கீசர் பயிற்சிக்காக ஸ்டாஃபையும் எடுத்துக்கொள்கிறேன். தனி அரீனாவுக்கு நெக்ரோமான்சர் ஆடும் நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒன்று: வீவருக்கு (எலிமென்டலிஸ்டின் சிறப்புப் பிரிவுக்கு) எப்போது மாறலாம்? அதில் அட்யூன்மென்டின் காத்திருப்பு நேரம் குறைவு என்பதால் ஒருவேளை எனக்கு அது எளிதாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

தழல்விழி எழுதியது:

இப்போது வேண்டாம். 2017இல் பாத் ஆஃப் ஃபயர் விரிவாக்கத்துடன் வந்த வீவரில் மாறுவதற்கான காத்திருப்பு 4 விநாடிகள்தான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு அட்யூன்மென்ட்கள் இயங்குகின்றன. புதிதாக நுழைந்தது முதல் இரண்டு திறன்களைத் தருகிறது. நான்காவதும் ஐந்தாவதும் நீங்கள் முன்பு இருந்த அட்யூன்மென்டிலிருந்தே வருகின்றன. மூன்றாவது இரண்டும் கலந்தது. ஆகவே நெருப்பிலிருந்து நீருக்கு மாறியதும் கிளென்சிங் வேவ் உங்கள் கையில் இருக்காது. ஐந்தாம் இடத்தில் அப்போதும் ஃபயர் கிராப்தான் இருக்கும்; 4 விநாடிகள் கழித்து இன்னொரு முறை மாறினால்தான் நீர் அந்த இடத்துக்கு வரும். இப்போதைய பில்டில் ஒரு மாற்றத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால், வீவரில் எப்போதும் இரண்டு மாற்றங்களை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். உங்கள் நண்பரின் நெக்ரோமான்சருக்கு எதிராக, ஹெல்த் பட்டையைப் பார்க்காமலேயே சரியான நேரத்தில் நீருக்குள் போய்ச்சேரத் தொடங்கிய பிறகு எழுதுங்கள். வீவருக்கு எந்த டிரெய்ட்களோடு (தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பண்புகளோடு) தொடங்கலாம் என்பதை அப்போது விரிவாகச் சொல்கிறேன்.